சேர்ந்த நாளின் விதி

2006 ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு நாட்டுக்கு ஒரு வாக்குக் கொடுத்தது. எம்.ஃபில். முடித்தவர்கள் இளங்கலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்த ‘நெட்’ தகுதித் தேர்வில் தேறியிருக்கத் தேவையில்லை, பிஎச்.டி. முடித்தவர்கள் முதுகலைக்கும் நடத்தலாம். அந்த வாக்கை நம்பி தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் எம்.ஃபில். சேர்ந்தார்கள். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசு பல வீடுகளில் கல்லூரிக் கட்டணமாகப் போயிற்று. பாளையங்கோட்டை கல்லூரியொன்றில் விரிவுரையாளர் ஆகிவிடலாம் என்பதுதான் கனவு. 2009 ஜூலை 11 அன்று வாக்கு திரும்பப் பெறப்பட்டது. எம்.ஃபில்.லுக்கு இருந்த விலக்கு அடியோடு போயிற்று. பிஎச்.டி.யிலும், அதே ஆண்டு வந்த புதிய ஒழுங்குமுறைப்படி பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே விலக்கு என்றானது. பட்டத்தைக் கையில் வாங்கியவர்களும் ஆய்வேட்டைப் பாதி எழுதி முடித்தவர்களும் ஒரே இரவில் தகுதியிழந்தார்கள்.

இது தவறு. படிப்பில் சேர்ந்துவிட்ட ஒருவர் மீது, அவருக்குப் பாதகமாக, பின்னால் வந்த விதியைச் சுமத்தும் அதிகாரம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும், அதற்கு மேலே இருக்கும் எந்தக் குழுவுக்கும் அறத்தின்படி கிடையாது.

பாதிக்கப்பட்டவர்கள் பல மாநிலங்களில் நீதிமன்றம் போனார்கள். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மானியக் குழுவின் பக்கம் தீர்ப்பளித்தது. வேலை கிடைக்கும் முன்பே யாருக்கும் உரிமை பிறந்துவிடவில்லை, எதிர்பார்ப்பு நியாயமானதே என்றாலும் பொதுநலனுக்கு அது வழிவிட வேண்டும் என்பது அதன் சாரம். தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறோம். ஆனாலும் உரிமை பிறக்கவில்லை என்பதால் அநீதி நடக்கவில்லை என்றாகிவிடாது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் உண்டு என்று அறிவித்துவிட்டு, விவசாயி கடன் வாங்கி நாற்றுப் பாவி நட்டு முடித்த பிறகு அணைக்கட்டில் ஷட்டரை இறக்கினால் கடைமடை என்ன பாடுபடும்? கதிர் இன்னும் முற்றவில்லையே, உனக்கென்ன நஷ்டம் என்று அவரிடம் கேட்க இந்தத் தாமிரபரணிக் கரையில் யாருக்கும் நா எழாது.

2016இல் மானியக் குழுவே கொஞ்சம் இறங்கி வந்தது. 2009 ஜூலை 11க்கு முன் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்களுக்கு விலக்கு உண்டு என்றது. கூடவே ஐந்து நிபந்தனைகளை வைத்தது. ஆய்வு முறையான வழியில் நடந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து குறைந்தது இரண்டு பேர் ஆய்வேட்டை மதிப்பிட்டிருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வு பொதுவில் நடந்திருக்க வேண்டும். இரண்டு கட்டுரைகள் வெளிவந்திருக்க வேண்டும். இரண்டு கருத்தரங்குகளில் வாசித்திருக்க வேண்டும். 2004இல் பட்டம் வாங்கியவருக்கு அன்று கருத்தரங்கு கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பார். இப்போது எந்த வண்டியைப் பிடித்து 2004க்குத் திரும்புவார்? நிபந்தனைகள் நிறைவேறின என்பதற்குச் சான்றிதழும் வேண்டும். தென்காசி பஸ்ஸில் ஏறி, பேட்டையைத் தாண்டி, அபிஷேகப்பட்டியில் இறங்கி, பல்கலைக்கழகத்துக்கு நடக்கும் நாற்பது வயதுக்காரரின் பிளாஸ்டிக் ஃபைலைப் பிரித்தால் என்ன இருக்கும்? ஓரம் மடங்கிய ஒரு கருத்தரங்கு அழைப்பிதழ், கட்டுரை வந்த மலரின் அட்டை ஜெராக்ஸ், ஓய்வுபெற்றுவிட்ட நெறியாளரின் கடிதம். எம்.ஃபில்.லோடு நின்றவர்களுக்கு இந்தச் சலுகையும் கிடையாது.

தரத்தைக் காக்க வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். காசு கொடுத்து எழுதி வாங்கிய ஆய்வேடுகளும் இருந்தன என்பதை மறைக்க நாம் தயாரில்லை. ஆனால் அந்த ஆய்வேடுகளை ஏற்றுக் கையெழுத்துப் போட்டது பல்கலைக்கழகம். கண்காணிக்கத் தவறியது மானியக் குழு. அவர்களின் தவறுக்கு, ராத்திரி விழித்து நேர்மையாகப் படித்தவர் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

இதைச் சரியாகச் செய்யவும் முடியும். 2022 நவம்பரில் எம்.ஃபில். படிப்பையே நிறுத்திய அதே மானியக் குழு, ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் அந்தந்தக் காலத்து ஒழுங்குமுறையின் கீழேயே பட்டம் பெறலாம் என்று எழுதிவைத்தது. 2022இல் ஒரு பத்தியில் எழுத முடிந்ததை 2009இல் எழுதியிருந்தால் எத்தனை பேரின் வாழ்க்கை தடம் மாறாமல் இருந்திருக்கும்!

இதே தவறு வேறு இடங்களிலும் நடந்தது. 2021இல் நீட் உயர்சிறப்பு மருத்துவத் தேர்வின் வடிவத்தை, தேர்வுக்கு இரண்டரை மாதமே இருந்தபோது மாற்றினார்கள். இளம் மருத்துவர்களைப் பந்தாடாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்ட பிறகே மாற்றம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

நம் ஊரிலும் அப்படி நடந்தது. 2017 முதல் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இருந்த அருந்ததி ராயின் ‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’ நூலை, ஏபிவிபி மாணவர் அமைப்பின் புகாரை அடுத்து, மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 2020 நவம்பரில் நீக்கியது. அந்த இடத்தில் மா.கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணன் நம் மண்ணில் பிறந்தவர், அ.மாதவையாவின் மகன், அவரைப் படிப்பது எந்த மாணவருக்கும் நல்லது. அவரை அடுத்து வரும் வகுப்புக்கு வைத்திருக்கலாம். நடந்துகொண்டிருக்கும் ஆண்டின் பாடத்தை வெளியிலிருந்து வந்த ஒரு புகாருக்காக உருவியது, சேரும்போது பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்த பல்கலைக்கழகம் செய்யக் கூடாத காரியம்.

விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு என்று விண்ணப்பக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டாயே என்று மாணவரைப் பிறகு மடக்குவது கந்துவட்டிக்காரர் செய்வது. பல்கலைக்கழகங்களே, அந்த வரியை எடுங்கள். சேர்ந்த ஆண்டின் விதியே படிப்பு முடியும் வரை பொருந்தும், புதிய விதி மாணவருக்கு உதவுமானால் அவரே அதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று முதல் பக்கத்தில், தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடுங்கள். வரும் ஜூன் சேர்க்கைக்கே இதைச் செய்துவிடலாம்.

மானியக் குழுவுக்கும் மத்திய அரசுக்கும் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. 2006 ஜூனுக்கும் 2009 ஜூலைக்கும் இடையே எம்.ஃபில். சேர்ந்தவர்களுக்கு அன்று சொன்ன தகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்களில் எத்தனையோ பேர் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் வகுப்பெடுக்கிறார்கள். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். ஆண்டுக்குப் பதினொரு மாதச் சம்பளம். மே மாதம் கிடையாது.