‘100% போனஸ்’ தரும் பெட்டிங் ஆப்: கணக்கு போட்டா லாபமா, நஷ்டமா?

‘10 ஆயிரம் போடுங்க, 20 ஆயிரத்துக்கு விளையாடுங்க’ - ஐபிஎல் சீசன் வந்தாலே டெலிகிராம், இன்ஸ்டாகிராமில் இப்படிப்பட்ட விளம்பரங்கள் வரிசைகட்டும். சும்மா வரும் 10 ஆயிரத்தை ஏன் விடணும்னு தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தப் பணம் உண்மையில் கைக்கு வருமா? கணக்கு போட்டே பார்க்கலாம்.

போனஸ் பணத்தை ஏன் உடனே எடுக்க முடியாது?

திண்டிவனத்தில் இருக்கும் ஒரு இளைஞர் 10 ஆயிரம் ரூபாய் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆப் இன்னொரு 10 ஆயிரத்தை போனஸாகக் காட்டுகிறது. கணக்கில் 20 ஆயிரம் தெரியும். எடுக்கப் போனால் எடுக்க முடியாது. போனஸ் தொகையைப் போல இத்தனை மடங்குக்கு பந்தயம் கட்டி முடித்தால்தான் பணம் எடுக்கலாம் என்று விதி இருக்கும். இதற்குப் பெயர் ‘ரோல்ஓவர்’. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போனஸ் இருக்கும். இந்த விதி மட்டும் எங்கோ கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

அடுத்தது, ஆப்பின் கமிஷன். ரெண்டு டீமுக்கும் சம வாய்ப்பு உள்ள மேட்ச்சில் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால், நியாயப்படி 200 ரூபாய் வரணும். ஆப் கொடுப்பது 190 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கட்டும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சராசரியாக 5 ரூபாய் ஆப்புக்குப் போகிறது.

இப்போது கணக்கு சுலபம். ரோல்ஓவர் 20 மடங்கு என்றால் 2 லட்சம் ரூபாய்க்கு பந்தயம் கட்டணும். அதில் 5 சதவீதம் 10 ஆயிரம். அதாவது, கொடுத்த போனஸ் முழுவதும் திரும்ப ஆப்புக்கே போய்விட்டது. அதற்கு மேல் எத்தனை மடங்கு கேட்டாலும், போவது இளைஞரின் சொந்தப் பணம்.

‘வெறும் 5 மடங்குதான்’ என்றால்?

இங்கேதான் கவனமா பார்க்கணும். ரோல்ஓவர் குறைவாக இருந்தால், மூன்று மேட்ச்களைச் சேர்த்து ஒரே பந்தயமாகக் கட்டணும் என்று நிபந்தனை வைப்பது வழக்கம். மூன்றிலும் ஜெயித்தால்தான் பணம். ஒரு மேட்ச்சுக்கு 5 சதவீதம் போன இடத்தில், மூன்று சேர்ந்தால் 14 சதவீதத்துக்கு மேல் போகும். 5 மடங்கான 50 ஆயிரத்துக்கு சுமார் 7,100 ரூபாய் கழிந்துவிடும். சராசரி கணக்கில் 2,900 ரூபாய் மிச்சம்.

அப்போ லாபம்தானே? பேப்பரில் மட்டும். மூன்று மேட்ச்சிலும் ஜெயிக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. கையில் இருக்கும் 20 ஆயிரத்தை ஐந்தாயிரம் ஐந்தாயிரமாகக் கட்டினால், முதல் நான்கு பந்தயமும் தோற்க சுமார் 59 சதவீதம் வாய்ப்பு. பாதிப்பேருக்கு மேல் ரோல்ஓவரை முடிக்கும் முன்பே, போனஸோடு போட்ட காசையும் இழந்திருப்பார்கள். அந்த ‘சராசரி லாபம்’ ஒரு சிலர் அடிக்கும் பெரிய தொகையில் ஒளிந்திருக்கிறது.

லண்டனில் முடியுது, இங்கே ஏன் முடியாது?

பிரிட்டனில் போனஸை வைத்து உண்மையிலேயே சம்பாதிப்பவர்கள் உண்டு. போனஸில் ஒரு டீம் மேல் கட்டிவிட்டு, வேறொரு சந்தையில் அதே டீமுக்கு எதிராகவும் கட்டுவார்கள். யார் ஜெயித்தாலும் சின்னத் தொகை மிஞ்சும். அங்கே நிறுவனங்களுக்கு லைசென்ஸ் உண்டு, ஜெயித்த பணத்துக்கு வரி கிடையாது. ரோல்ஓவர் 10 மடங்கைத் தாண்டக்கூடாது என்றும் அந்நாட்டு சூதாட்ட ஆணையம் 2025 மார்ச்சில் அறிவித்தது. அப்படியும், தொடர்ந்து ஜெயிப்பவரின் கணக்கை நிறுவனங்கள் முடக்கிவிடுவது உண்டு.

இந்தியாவில் ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்தால் 30 சதவீத வரி. அதைவிட முக்கியம், பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் கேம்களை நடத்துவதையே மத்திய அரசின் 2025 ஆகஸ்ட் சட்டம் தடை செய்துவிட்டது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்தில் விளையாடுபவருக்கு தண்டனை இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டு சட்டப்படி, ஆன்லைன் சூதாட்டத்தில் ஈடுபட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆக, இப்போது போனஸ் காட்டி அழைக்கும் ஆப்களில் பல, குராசோ போன்ற தீவுகளில் லைசென்ஸ் வாங்கி வெளியில் இருந்து இயங்குபவை. ‘விதியை மீறிட்டீங்க’ என்று சொல்லி பணத்தை நிறுத்தினால், கேட்க ஆளில்லை. பணம் வந்தாலும் சிக்கல் உண்டு. இந்த ஆப்கள் யார் யார் பெயரிலோ இருக்கும் வாடகைக் கணக்குகள் வழியாக பணத்தைச் சுற்றவிடுகின்றன. அப்படி ஒரு கணக்கில் இருந்து வந்த தொகைக்காக, வாங்கியவரின் வங்கிக் கணக்கும் சைபர் கிரைம் வழக்கில் முடக்கப்படலாம். 2 ஆயிரம் லாபத்துக்கு ஆசைப்பட்டு, சம்பளக் கணக்கையே தொட முடியாமல் போகும் நிலை.

விழுப்புரம் ஏற்கனவே பார்த்தது

தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லேயே தடை செய்யப்பட்டது. ஆனாலும் ‘மூணு நம்பர் லாட்டரி’ விழுப்புரத்தில் மறைமுகமாக ஓடியது. 2019 டிசம்பரில், அதில் பணத்தை இழந்து கடனில் சிக்கிய நகைத் தொழிலாளி ஒருவர், மனைவி, மூன்று பெண் குழந்தைகள் என 5 பேர் உயிரிழந்தது மாநிலத்தையே உலுக்கியது. அதன்பிறகு போலீசார் சீட்டு விற்றவர்களைத் தேடித் தேடி கைது செய்தனர். அன்று விற்றவர் அதே ஊரில் இருந்தார். இன்று விற்பவர் போனுக்குள் இருக்கிறார். பிடிக்கப் போனால் பெயர் மாற்றி வேறு லிங்க்கில் வருகிறார்.

ஏற்கனவே பணம் போட்டிருந்தால், ‘இன்னும் கொஞ்சம் கட்டினால் எடுக்கலாம்’ என்று வரும் மெசேஜை நம்பி மேலும் அனுப்ப வேண்டாம். பரிவர்த்தனை ஸ்கிரீன்ஷாட்களை எடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் சீக்கிரம் புகார் செய்யலாம். கடனால் மன உளைச்சலில் இருப்பவர்கள் 104 அல்லது 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.