மே 17-ல் நார்வே அணியும் ரிப்பனும் 'பூனாட்'டும்: அந்த உடையை யார் போடலாம்?

நார்வேயின் தேசிய நாளில் டாங்கியும் ஏவுகணையும் வீதியில் வராது. மே 17 அன்று ஊர் ஊராகப் பள்ளிக் குழந்தைகள்தான் கொடியோடு ஊர்வலம் போவார்கள். ஓஸ்லோவில் அந்த ஊர்வலம் அரண்மனையைக் கடக்கும்போது, மாடத்தில் நின்று மன்னர் குடும்பம் கையசைக்கும். வேடிக்கை பார்க்க வருபவர்களின் நெஞ்சில் சிவப்பு, வெள்ளை, நீல ரிப்பன் குத்தியிருக்கும். ஏராளமானோர் 'பூனாட்' எனும் பாரம்பரிய உடையில் வருவார்கள்.

ரிப்பன் மலிவு. யார் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பூனாட் அப்படி இல்லை. அது "நீங்க எந்த ஊர்?" என்ற கேள்விக்கான பதில். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், ஏன் மே 17?

பல நூற்றாண்டுகள் டென்மார்க்கோடு இணைந்திருந்த நார்வே, 1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கையின்படி ஸ்வீடனுக்குக் கைமாற்றப்பட்டது. அதை ஏற்காத நார்வேயின் பிரதிநிதிகள் ஐட்ஸ்வோல் என்ற இடத்தில் கூடி சொந்த அரசமைப்பை எழுதினார்கள். அதில் கையெழுத்தான நாள்தான் மே 17. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஸ்வீடனோடு இணைய வேண்டிவந்தாலும் அரசமைப்பு தப்பியது. முழு விடுதலை கிடைத்தது 1905-ல்.

இடைப்பட்ட காலத்தில் இந்த நாளைக் கொண்டாடுவதே ஒரு எதிர்ப்பு. 1829-ல் கொண்டாடக் கூடிய மக்களைக் கலைக்கப் படைவீரர்கள் இறக்கப்பட்டார்கள். பின்னர் நாஜி ஆக்கிரமிப்பு (1940-45) காலத்திலும் கொண்டாட்டத்துக்குத் தடை. அப்போது சட்டையில் ஒரு பேப்பர் கிளிப் மாட்டுவதுகூட 'நாங்கள் ஒன்றாக இருக்கிறோம்' என்ற சைகையாக இருந்தது. 1942-ல் சிவப்புக் குல்லாய் அணிவதற்கும் தடை வந்தது. நெஞ்சில் குத்தும் துண்டுத் துணியை நார்வே மக்கள் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது இதைப் பார்த்தால் புரியும்.

பழைய உடை, அவ்வளவு பழசா?

பூனாட் பார்க்க நூற்றாண்டுகள் பழமையானதாகத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லைப் பரப்பியவர் எழுத்தாளர் ஹுல்டா கார்போர்க். கிராமப்புற உடைகள் பற்றிய அவருடைய நூல் வெளியானது 1903-ல், அதாவது ஸ்வீடனிடமிருந்து பிரிவதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு. 'நாம் தனி மக்கள்' என்று காட்ட ஓர் உடை தேவைப்பட்ட நேரம் அது. சில பகுதிகளில் பழைய உடைகள் தொடர்ந்து புழக்கத்தில் இருந்தன. மற்ற பகுதிகளுக்குப் பழைய துணிகளையும் எம்பிராய்டரிகளையும் பார்த்துப் புதிதாக வடிவமைத்தார்கள். ஓஸ்லோவின் பூனாட் 1947-ல் உருவானது.

இவ்வளவு சமீபத்தில் உருவானது என்றாலும் விதிகளுக்குக் குறைவில்லை. கூலிங்கிளாஸ் கூடாது, சாதாரணக் கம்மல் கூடாது, 'சொல்யே' எனும் வெள்ளிப் பதக்கம் சரியான இடத்தில் இருக்க வேண்டும். ரிப்பனையும் பூனாட்டையும் சேர்த்து அணியலாமா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. குறை கண்டுபிடிப்பவர்களுக்குக் கிண்டலாக 'பூனாட் போலீஸ்' என்று பெயர். இதில் எதுவும் சட்டம் கிடையாது, எல்லாம் சமூக அழுத்தம்தான்.

அப்போ, வெளியிலிருந்து வந்தவர்கள்?

குடும்ப வேர் இருக்கும் பகுதியின் பூனாட்டைத்தான் அணிய வேண்டும் என்பது பழைய கருத்து. வளர்ந்த ஊர், பிடித்த ஊர் என்றாலும் போதும் என்பவர்கள் இன்று நிறைய. ஆனால் கேள்வி இன்னும் கூர்மையாகவே இருக்கிறது. வடக்கே ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலைக்குப் போன ஈழத்தமிழர்கள் உண்டு. அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைக்கு ஊர் எது, ஃபின்மார்க்கா, யாழ்ப்பாணமா?

இந்த நாள் யாருடையது என்ற சண்டை உடையோடு நிற்கவில்லை. 1999-ல் ஓஸ்லோவின் மே 17 கொண்டாட்டக் குழுவுக்குப் பாகிஸ்தானில் பிறந்த ரூபினா ராணா தலைவரானபோது அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் பின்வாங்கவில்லை, அந்த ஆண்டு ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்ஷாஜினி குணரத்தினம் 2015-ல் அதே நகரின் துணை மேயரானார்.

பூர்வகுடிகளான சாமி மக்கள் இதே நாளில் 'காக்தி' எனும் தங்கள் உடையில் வருகிறார்கள். அவர்களுடைய மொழியையும் பண்பாட்டையும் அழிக்கப் பார்த்த அரசுக் கொள்கைக்காக நார்வே நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2024 நவம்பரில்தான். காக்தியை பூனாட்டின் இன்னொரு வகை என்று சொல்வது தவறு.

இதில் அதிகம் பேசப்படாத தடை, விலை. நல்ல பூனாட்டும் வெள்ளி நகைகளும் சேர்ந்தால் பல்லாயிரம் குரோனர், நம் கணக்கில் சில லட்சம் ரூபாய். பலருக்கு இது 14, 15 வயதில் நடக்கும் 'கன்ஃபர்மேஷன்' சடங்கையொட்டிக் குடும்பம் தரும் பரிசு. பாட்டியிடமிருந்து பேத்திக்கும் வரும். நார்வேயில் பாட்டி இல்லாத குடும்பம் கடையில் முழு விலை கொடுக்க வேண்டும். செலவைக் குறைக்க சீனாவில் தைத்து விற்கப்படுவதும் உண்டு, அதற்கு எதிர்ப்பும் உண்டு.

2019-ல் கிறிஸ்தியான்சுன் நகர மகப்பேறு பிரிவை மூடும் முயற்சிக்கு எதிராகப் பெண்கள் போராடியபோது, அவர்கள் சீருடையாகத் தேர்ந்தெடுத்ததும் பூனாட்டைத்தான். 'பூனாட் கெரில்லா' என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்.