வீட்டைப் பறித்தவன் வடக்கத்தியானா?

“வடக்கத்தியான் வந்தான், வீட்டு வாடகை ஏறிப் போச்சு. மனை விலை ஏறிப் போச்சு. நமக்கு ஒரு சென்ட் இடம் வாங்க வழியில்லை.”

திருப்பூரிலும் கோவையிலும் டீக்கடை பெஞ்சுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. பேசுகிறவன் முதலாளியல்ல, நம்மைப் போன்ற ஆலைத் தொழிலாளி. பக்கத்துக் கிராமத்து விவசாயத் தொழிலாளியும் ஆமாம் என்று தலையாட்டுகிறான். அவர்கள் படும் கஷ்டம் பொய்யல்ல. ஆனால் விரல் நீட்டுகிற திசைதான் தவறு.

தோழர்களே, ஒன்று கேட்கிறேன். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மூட்டையோடு வந்து இறங்கியவன் எந்த வீட்டை வாங்கினான்? எந்த மனை அவன் பேரில் பத்திரமானது? அவன் குடியிருக்கும் லைன் வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். பத்துக்குப் பத்து அறை. பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான். வாடகை அறைக்கு அல்ல, தலைக்கு!

ஒரு கணக்குக்கு வைத்துக் கொள்வோம். தலைக்கு 1,000 ரூபாய், எட்டுத் தலை என்றால் 8,000 ரூபாய். அதே அறையை உள்ளூர்த் தொழிலாளி குடும்பத்துக்குக் கேட்டால் 4,000 கொடுக்கவே விழி பிதுங்கும். வீட்டுச் சொந்தக்காரன் யாருக்கு விடுவான்? உள்ளூரானுக்கு வீடில்லை, வந்தவனுக்கு மூச்சு விடக் காற்றில்லை. அதிகப்படி 4,000 ரூபாய் யார் பெட்டிக்குள் போகிறது? அங்கே நீட்டுங்கள் விரலை!

போட்டியாம் போட்டி!

“வீட்டு மார்க்கெட்டில் போட்டி அதிகம், முந்தினவனுக்கு வீடு” என்று தரகர்கள் உபதேசம் செய்கிறார்கள். ஒருவன் வீட்டைக் குடியிருக்கக் கேட்கிறான். இன்னொருவன் பூட்டி வைத்து, விலை ஏறியதும் விற்பதற்காகக் கேட்கிறான். முதல்வன் கையில் கூலி; இரண்டாமவன் கையில் மூலதனம். இதற்குப் பெயர் போட்டியா? கால் ஒடிந்தவனையும் குதிரைக்காரனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வது போட்டியா?

பாங்கிக் கடன் வாங்கலாமே என்பார்கள். 20 லட்ச ரூபாய்க் கடன், 100-க்கு 9 வட்டி, 20 வருஷத் தவணை. மாதா மாதம் சுமார் 18,000 ரூபாய் கட்ட வேண்டும். கடைசியில் கட்டி முடித்த தொகை 43 லட்சத்துக்கு மேல்! வாங்கியது ஒரு வீடு. விலை கொடுத்தது இரண்டு வீட்டுக்கு. நிரந்தர வேலையும் சம்பளச் சீட்டும் இல்லாத கான்டிராக்ட் தொழிலாளிக்கு அந்தக் கடனும் எட்டாக்கனி. ஊர் மாறி வந்தவனுக்கோ முகவரிச் சான்று முதல் ஜாமீன் வரை ஆயிரம் முட்டுக்கட்டை.

நிலத்தின் கதையைப் பாருங்கள். நில வியாபாரி விவசாயியிடம் ஏக்கர் கணக்கில் வாங்குகிறான். நம்மிடம் சதுர அடிக் கணக்கில் விற்கிறான். ஒரு ஏக்கரில் 43,560 சதுர அடி. நடுவில் அவன் செய்த வேலை என்ன? கல் நட்டான், கொடி கட்டினான், விளம்பரம் ஒட்டினான். அந்த வயலில் களை எடுத்த விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு வேலையும் போயிற்று, அங்கே ஒரு மனை வாங்கவும் வக்கில்லை. இதையும் செய்தது வடக்கத்தியானா?

பம்பாய் கற்றுத் தந்த பாடம்

இன்று நாம் வடக்கத்தியானைச் சொல்வதை நேற்று நம்மைச் சொன்னார்கள். பம்பாய்க்குப் பிழைக்கப் போன தமிழர்கள், முக்கியமாகத் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள், சதுப்பு நிலமான தாராவியில் குடிசை போட்டார்கள், தோல் பதனிட்டார்கள். 1966-ல் அங்கே சிவசேனை தோன்றியது. “தென்னிந்தியன் வேலையைப் பறிக்கிறான், அவனை விரட்டு!” என்று கோஷம் போட்டது. தமிழரும் மலையாளிகளும் கன்னடியரும் அடிபட்டனர். செங்கொடி பறந்த ஆலைப் பகுதியில் தொழிலாளர் ஒற்றுமை பிளந்தது. பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. தோழர் கிருஷ்ண தேசாய் 1970 ஜூன் மாதம் படுகொலை செய்யப்பட்டார். அந்த இடைத்தேர்தலில்தான் சிவசேனை முதன்முதலாகச் சட்டசபைக்குள் நுழைந்தது.

சரி, வெளியூரானை அடித்ததால் மராத்தித் தொழிலாளிக்கு வீடு கிடைத்ததா?

1982 ஜனவரியில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலாளிகளும் சர்க்காரும் அதை நசுக்கினார்கள். ஆலைகள் மூடின; ஆலை நிலம் தங்கமாயிற்று. அந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது இடத்துக்கு, ஒரு பங்கு எளியோர் வீட்டுக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு என்று 1991-ல் விதி செய்தார்கள். 2001-ல் அந்த விதியைத் திருத்தினார்கள். கட்டிடம் நின்ற நிலமெல்லாம் கணக்கில் வராது. வெறும் காலியிடத்தில்தான் பங்கு என்றார்கள். 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதற்குச் சம்மதம் தெரிவித்தது. தறி ஓடிய இடத்தில் இன்று மாளிகைக் கடைகள் நிற்கின்றன. அந்தத் தறியை ஓட்டிய மராத்தித் தொழிலாளி, மண்ணின் மைந்தன், ஒரு சிறு வீட்டுக்காகச் சர்க்கார் குலுக்கலில் சீட்டுப் போட்டுக் காத்திருக்க நேர்ந்தது!

தாராவித் தமிழன் கதி என்ன? வந்த தேதியைக் காட்டு என்கிறார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததாகக் காகிதம் இருந்தால் தாராவிக்குள் வீடு. அதற்குப் பின் வந்தவனுக்கு தாராவிக்கு வெளியே. அந்த நிலத்தில் புது நகரம் கட்டும் டெண்டர் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போயிற்று. குடிசை போட்டவனிடம் தேதி கேட்கிறார்கள். கோடீசுவரனிடம் எந்த ஊர்க்காரன் என்று எவனாவது கேட்டானா?

பார்த்தீர்களா தோழர்களே! உழைப்பாளிக்குத்தான் வெளியூர், உள்ளூர். மூலதனத்துக்கு எல்லா ஊரும் சொந்த ஊர்!

சட்டங்கள் யார் பக்கம்?

நகர நிலத்துக்கு உச்சவரம்பு வைத்து 1978-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 1999-ல் அதை ரத்து செய்தார்கள். நியாய வாடகை கேட்டு கோர்ட்டுக்குப் போக 1960-ம் வருஷத்து வாடகைச் சட்டத்தில் வழி இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017-ம் வருஷச் சட்டமோ ஒப்பந்தத்தில் எழுதிய தொகையே வாடகை என்கிறது. வீடில்லாதவனும் வீட்டுக்காரனும் சரிசமமாக உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதுகிறார்களாம்! கான்டிராக்டர் கூட்டி வரும் வெளி ராஜ்யத் தொழிலாளிக்குத் தகுந்த இருப்பிடம் தர வேண்டும் என்று 1979-ம் வருஷ மத்திய சட்டம் சொன்னது. அதைப் பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்க விட்டு, கடைசியில் 2020-ம் வருஷத் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்து விட்டார்கள்.

இந்தச் சட்டங்களை மாற்றியது பீகார்த் தொழிலாளியா? அவர்களில் பலருக்கு இங்கே ஓட்டுக்கூடக் கிடையாதே!

“அவன் குறைந்த கூலிக்கு வருகிறானே” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. விரட்டுவது அதற்குப் பதில் அல்ல. அவனையும் சங்கத்தில் சேர்ப்பதும், ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்பதும்தான் பதில். அவன் கூலி தாழ்ந்திருக்கும் வரை நம் கூலியும் உயராது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பயந்து ரயிலேறினவர்கள் பலர். அந்தப் பொய்யால் உள்ளூர்த் தொழிலாளி ஒருவனுக்காவது வாடகை குறைந்ததா?

வீடு வந்த வழி

உழைப்பாளி போட்டியில் ஜெயித்து வீடு பெற்றதில்லை, போராடித்தான் பெற்றான். மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டு, “இறங்கு” என்றால் இறங்க வேண்டிய நிலையில் இருந்தான் தஞ்சை விவசாயத் தொழிலாளி. அவன் செங்கொடியின் கீழ் திரண்டான். 1971-ல் குடியிருப்பு மனையை அவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. எந்தத் தரகன் வாங்கிக் கொடுத்தான் அதை?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

வாடகைக்குச் சட்டப்படி வரம்பு வை! தலை வாடகைக் கொள்ளையை நிறுத்து!

நகர நிலத்துக்கு உச்சவரம்பு கொண்டு வா! சர்க்கார் நிலத்தைப் பெருமுதலாளிக்குக் கொடுக்காதே. தொழிலாளர் வீடு கட்டு!

உள்ளூரானோ வெளியூரானோ, வேலைக்கு வைக்கும் முதலாளி குடியிருக்க வசதி செய்!

வீடில்லா விவசாயத் தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் மனைப்பட்டா கொடு!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் லைனில் உள்ள வெளி ராஜ்யத் தொழிலாளியின் கதவைத் தட்டுங்கள். பாஷை தெரியாவிட்டால் பரவாயில்லை. வாடகைச் சீட்டைக் காட்டுங்கள், அவனும் காட்டுவான். இரண்டு சீட்டிலும் கொள்ளையடித்த கை ஒன்றே என்பது புரியும். அந்தக் கையைப் பிடிக்க நம் இரண்டு கைகளும் சேரட்டும்!