தேரையைத் தின்று சாகும் முதலைகள்... அதே தேரையை வைத்தே காப்பாற்றிய விஞ்ஞானிகள்! எப்படி?

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ள கிம்பர்லி பகுதி ஆறுகளில் நன்னீர் முதலைகள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன. வேட்டையும் காரணமில்லை, நோயும் காரணமில்லை. அவை தின்ற தேரைதான் காரணம். இந்தச் சாவைத் தடுக்க, அதே தேரையையே முதலைகளுக்கு இரையாக வைத்தார்கள் ஆராய்ச்சியாளர்கள். அது பலித்தும் விட்டது. 2024 ஆகஸ்ட்டில் இந்த ஆய்வின் முடிவுகள் வெளியாகின. என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது இந்தத் தேரை?

1935-ம் ஆண்டு. குயின்ஸ்லாந்தில் கரும்புப் பயிரை வண்டுகள் நாசம் செய்துகொண்டிருந்தன. வண்டுகளைத் தின்று ஒழிக்கும் என்ற நம்பிக்கையில் ஹவாயிலிருந்து சுமார் 100 தேரைகளைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். இவற்றுக்குப் பெயரே கரும்புத் தேரை. ஆனால் வண்டு ஒழியவில்லை, தேரைதான் பெருகியது. இன்று அவற்றின் எண்ணிக்கை 20 கோடியைத் தாண்டும் என்று மதிப்பிடப்படுகிறது.

இந்தத் தேரையின் தோள் பகுதியில் விஷச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த விஷம் நேராக இதயத்தைத் தாக்கும். ஆஸ்திரேலியாவில் அதற்கு முன் தேரை இனமே கிடையாது. அதனால் அங்குள்ள முதலை, உடும்பு, பாம்பு எதுக்கும் இது ஆபத்தான இரைன்னு தெரியாது. தேரை புதிதாக நுழைந்த சில இடங்களில் நன்னீர் முதலைகளில் 70 சதவீதத்துக்கும் மேல் செத்துப்போயின.

மழையில்லாத வறண்ட பருவம்தான் மோசமான காலம். ஆறு வற்றி, மிச்சமிருக்கும் குட்டைகளில் முதலைகள் பசியோடு நெருக்கியடித்துக் கிடக்கும். உடம்பை நனைக்கத் தேரைகளும் அதே தண்ணீருக்குத்தான் வரும்.

முதலைக்குப் பாடம் நடத்தியது எப்படி?

பெரிய தேரை ஒன்றைத் தின்றால் முதலை செத்துவிடும். செத்த பிறகு பாடம் கற்க முடியாது. அப்படியானால் சாகாமல் கற்க வைக்க வேண்டும். இதுதான் ஆராய்ச்சியாளர்களின் யோசனை.

மெக்குவாரி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், புனுபா பழங்குடி வனக்காவலர்கள், மேற்கு ஆஸ்திரேலிய அரசின் வனத்துறை என மூன்று தரப்பும் சேர்ந்து களமிறங்கினார்கள். செத்த தேரைகளின் விஷப் பகுதிகளை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே லித்தியம் குளோரைடு என்ற உப்பைச் செலுத்தினார்கள். இது உயிரைப் பறிக்காது, தற்காலிகமாகக் கடுமையான குமட்டலை மட்டும் தரும். 2019 முதல் 2022 வரை 2,000-க்கும் அதிகமான தேரைகள் ஆற்றோரங்களில் இப்படித் தூண்டிலாக வைக்கப்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து கலக்காத கோழி இறைச்சியும் வைக்கப்பட்டது.

நாள் செல்லச் செல்ல முதலைகள் தேரையை விட்டுவிட்டுக் கோழியை மட்டும் எடுக்க ஆரம்பித்தன. தேரை அப்போதுதான் வந்து சேர்ந்த இடங்களில் முதலைச் சாவு முழுமையாகத் தடுக்கப்பட்டது. ஏற்கெனவே தேரை பரவியிருந்த இடங்களில் சாவு 95 சதவீதம் குறைந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இந்தப் பலன் நீடித்தது.

ஒரே தடவையில் எப்படி மனசில் பதிகிறது?

ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டு ராத்திரி வாந்தி எடுத்தால், அடுத்த சில மாசத்துக்கு அந்த வாசனையே ஆகாது இல்லையா? அதே விஷயம்தான்.

மணியடித்து நாய்க்குச் சோறு போட்ட பாவ்லவின் சோதனை பலருக்கும் தெரியும். அந்த வழியில் வந்த அறிஞர்கள், இரண்டு விஷயங்கள் சில நொடி இடைவெளியில், பலமுறை சேர்ந்து வந்தால்தான் விலங்கு அவற்றைத் தொடர்புபடுத்தும் என்று நம்பினார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா இதை உடைத்தார்.

1966-ல் வெளியான அவருடைய சோதனையில், எலிகள் இனிப்புத் தண்ணீர் குடிக்கும்போதே விளக்கு மின்னியது, சத்தமும் கேட்டது. பிறகு சில எலிகளுக்கு மின் அதிர்ச்சி தரப்பட்டது. வேறு சிலவற்றுக்குக் கதிர்வீச்சால் உடம்பு சரியில்லாமல் செய்யப்பட்டது. அதிர்ச்சி வாங்கிய எலிகள் ஒளியையும் சத்தத்தையும் கண்டு பயந்தன. உடம்பு கெட்ட எலிகளோ இனிப்பைத் தவிர்த்தன. குமட்டல் வந்தால் மூளை பழி போடுவது சுவையின் மேல்தான். தின்று சில மணி நேரம் கழித்து உடம்பு கெட்டாலும் சரி, ஒரே அனுபவம் போதும். முதலில் பல அறிவியல் இதழ்கள் கார்சியாவின் முடிவுகளை ஏற்கவே மறுத்தன.

நம்ம ஊர் விவசாயிக்கு இது புதுசா?

இல்லை. சிங்க் பாஸ்பைடு எலி மருந்தைக் கொஞ்சமாகத் தின்று பிழைத்த எலி, மறுபடி அந்தப் பக்கமே வராது. அதனால்தான் முதலில் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத தானியத்தை வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு மருந்து கலக்கச் சொல்கிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்துகள் பல நாள் கழித்தே வேலை செய்யும். எதைத் தின்று இப்படி ஆனது என்று எலிக்குப் புரிவதே இல்லை.

புற்றுநோய் சிகிச்சையிலும் இது பெரிய சிக்கல். கீமோதெரபிக்கு முன்னால் புதுச் சுவை ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகள், பிறகு அதைத் தவிர்த்ததை 1978-ல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்துதான் காரணம் என்று தெரிந்தாலும் வெறுப்பு வரத்தான் செய்கிறது.

எல்லா இடத்திலும் பலிக்குமா?

அப்படிச் சொல்ல முடியாது. 1970-களில் அமெரிக்காவில் ஆடுகளைக் காக்க, கயோட்டி எனும் ஓநாய் இனத்துக்கு லித்தியம் கலந்த ஆட்டிறைச்சி தரப்பட்டது. இறைச்சியைத் தவிர்த்த சில கயோட்டிகள், ஆட்டைக் கொல்வதை மட்டும் நிறுத்தவில்லை என்று பின்னர் நடந்த சோதனைகள் காட்டின. வெறுப்பு வந்தது சுவையின் மேல், வேட்டையின் மேல் இல்லை. முதலை விஷயத்தில் அந்தச் சிக்கல் கிடையாது. தேரையை வாயில் எடுக்காமல் விட்டாலே அது பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் நேரம் முக்கியம். தேரைகள் மேற்கு நோக்கி இன்னும் முன்னேறிக்கொண்டே இருக்கின்றன. அவை வந்து சேர்வதற்கு முன்பே தூண்டில் வைத்தால்தான் முழுப் பலன். அடுத்த ஆற்றுக்கு முதலில் போய்ச் சேரப்போவது தேரையா, பாடமா? அங்குள்ள முதலைகளின் உயிர் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.