'அட்டாக்'கா, 'அஸால்ட்'டா? புகாரில் ஒரு வினைச்சொல் செய்யும் வேலை

திருச்சி பாலக்கரை ரவுண்டானா பக்கம், பைக் நிறுத்துவதில் இரண்டு பேருக்குள் தகராறு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஹெல்மெட்டை ஓங்குகிறார். அடி விழுவதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் விலக்கிவிடுகிறார்கள். மற்றவர் வீட்டுக்குப் போய் மொபைலில் ஆங்கிலத்தில் புகார் டைப் செய்கிறார்: 'ஹி அட்டாக்டு ஆன் மீ'.

இந்த ஒரு வரியில் இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று இலக்கணம், இன்னொன்று சட்டம்.

'ஆன்' எங்கே வரும்?

'அட்டாக்' வினைச்சொல்லாக வந்தால் பின்னால் 'ஆன்' தேவையில்லை. 'ஹி அட்டாக்டு மீ' என்றாலே போதும். பெயர்ச்சொல்லாக வந்தால்தான் 'அன் அட்டாக் ஆன் மீ'. இதற்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. 'என்னைத் தாக்கினார்' என்கிறோம், 'என் மீது தாக்குதல் நடந்தது' என்கிறோம். 'என் மீது தாக்கினார்' என்று யாராவது சொல்வோமா? அதே கணக்குதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'அவருக்கு அட்டாக் வந்துடுச்சு' என்றால் நம்ம ஊரில் மாரடைப்பு என்று எல்லோருக்கும் புரியும். அதையே வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு 'ஹி வாஸ் அட்டாக்டு' என்று மெயில் அனுப்பினால், யாரோ அடித்துவிட்டார்கள் என்றுதான் அவர் பதறுவார். 'ஹி ஹேட் எ ஹார்ட் அட்டாக்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும். அதேபோல மின்னல் தாக்கியது, மின்சாரம் தாக்கியது என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இந்த இடங்களில் 'அட்டாக்' வராது. மின்னலுக்கு 'ஸ்ட்ரக்', மின்சாரத்துக்கு 'எலக்ட்ரோக்யூட்டட்'.

அடிக்காமலே 'அஸால்ட்' ஆகுமா?

ஆகும். பேச்சு ஆங்கிலத்தில் 'அஸால்ட்' என்றால் அடி, உதை. ஆனால் இந்தியச் சட்டத்தில் அர்த்தம் வேறு. 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 351-வது பிரிவில் இருந்த இந்த விளக்கம், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 130-வது பிரிவாகத் தொடர்கிறது. உடனே பலப்பிரயோகம் செய்யப்போகிறார் என்ற அச்சத்தை ஒரு சைகையோ ஆயத்தமோ ஏற்படுத்தினால், அதுவே 'அஸால்ட்'. கை மேலே படவே வேண்டாம். முஷ்டியை ஆட்டிக் காட்டுவதும், கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குவதும் சட்டமே தரும் உதாரணங்கள். வெறும் வார்த்தை மட்டும் போதாது. ஆனால், சைகைக்கு என்ன அர்த்தம் என்பதை அந்த வார்த்தை முடிவு செய்யலாம்.

அப்படியென்றால் ஹெல்மெட்டை ஓங்கியது 'அஸால்ட்' ஆகலாம். பிரிவு 131-ன்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடித்துக் காயப்படுத்தியிருந்தால் பிரிவு 115(2)-ன்படி ஓராண்டு வரை சிறை. ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தியிருந்தால் பிரிவு 118(1)-ன்படி 3 ஆண்டு வரை. முதல் இரண்டிலும் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையில் இறங்க முடியாது. மூன்றாவதில் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். என்ன நடந்தது, எதனால் அடித்தார் என்ற விவரம்தான் வழக்கின் பாதையையே மாற்றுகிறது.

ஒரு சொல், இரண்டு சட்டம்

2012-ன் போக்சோ சட்டத்தில் 'செக்ஷுவல் அஸால்ட்' என்பதற்கு, பாலியல் நோக்கத்தோடு உடல் ரீதியான தொடுதல் வேண்டும். தோலோடு தோல் பட்டால்தான் குற்றம் என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. துணிக்கு மேல் தொட்டாலும் குற்றம்தான், முக்கியம் நோக்கம் என்றது. ஒரு சொல்லின் பொருளை வைத்துக் குற்றவாளி தப்பிக்கப் பார்த்த வழக்கு அது.

'தாக்குதல்' யாரை மறைக்கிறது?

இத்தனை வேறுபாடும் செய்தியில் பெரும்பாலும் 'தாக்குதல்' என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துவிடுகிறது. 'வாலிபர் மீது தாக்குதல்' என்ற தலைப்பில் அடி வாங்கியவர் இருக்கிறார், அடித்தவர் இல்லை. 'இரு தரப்பினர் மோதல்' இன்னும் மோசம். பத்துப் பேர் சேர்ந்து ஒருவரை அடித்தாலும், ஏதோ சமபலத்தில் சண்டை நடந்தது போல ஆகிவிடுகிறது. சாதித் தகராறுகளில் இந்தச் சொல் எத்தனை பேரைக் காப்பாற்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

யார், யாரை, எதனால், என்ன செய்தார்? இந்த நான்கும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். வழக்கு நிரூபணமாகாத கட்டத்தில் 'அடித்ததாகப் புகார்' என்று எழுதலாம். அதற்காக அடித்தவரையே வாக்கியத்திலிருந்து எடுத்துவிட வேண்டியதில்லை.

புகார் எழுதும்போது...

புகாரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று கட்டாயமே இல்லை. தமிழில் எழுதலாம். 'அட்டாக்', 'அஸால்ட்' எல்லாம் வேண்டாம். 'ஹெல்மெட்டை ஓங்கினார்', 'வலது கையால் கன்னத்தில் அறைந்தார்', 'கீழே தள்ளினார்' என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஓங்கியதை 'அடித்தார்' என்று எழுதிவிட்டு, சிசிடிவியில் அடி விழவில்லை என்று தெரிந்தால், உண்மையான பகுதியும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாகும். மாறாக, ரத்தம் வரும் அளவுக்கு அடி வாங்கிவிட்டு 'ஃபைட் ஆயிடுச்சு' என்று எழுதினால், நீங்களும் சேர்ந்து சண்டை போட்ட மாதிரி ஆகிவிடும்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி மின்னணு முறையிலும் புகார் தரலாம். 3 நாட்களுக்குள் அதில் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். எந்தப் பிரிவு பொருந்தும் என்று முடிவு செய்வது போலீஸ் வேலை, பிறகு நீதிமன்றத்தின் வேலை. என்ன நடந்தது என்று சரியாகச் சொல்வது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் வினைச்சொற்களை ஒருமுறை படித்துப் பாருங்கள்.