எந்த நான்கில் ஒன்று?

பாகப்பிரிவினை வழக்கை நீதிமன்றம் இரண்டு கட்டங்களாகத் தீர்க்கிறது. யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதல்நிலைத் தீர்ப்பாணை அறிவிக்கும். அந்தப் பங்கு எந்தச் சர்வே எண்ணில், எந்த வரப்பு வரை என்பதை, வழக்கறிஞர் ஆணையர் நிலத்தைப் பார்வையிட்டு அளிக்கும் அறிக்கைக்குப் பின் இறுதித் தீர்ப்பாணை வரையறுக்கும். நான்கு பிள்ளைகளுக்கு நான்கில் ஒரு பங்கு என்பது சட்டத்துக்கு எளிது. சண்டை பெரும்பாலும் எந்த நான்கில் ஒன்று என்பதில்தான் மூளுகிறது. இரு கட்டங்களுக்கும் இடையே தரப்பினர் சிலர் இறந்து, அவர்களுடைய வாரிசுகள் வழக்கில் சேர்க்கப்பட, நான்கு பேரோடு தொடங்கிய வழக்கு பதினைந்து பேரின் வழக்காவது உரிமையியல் நீதிமன்றங்களுக்குப் பழகிப்போன காட்சி.

இத்தகைய வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை, 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் வழி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு வழங்குகிறது. ஆஃப்கான்ஸ் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், குடும்பத்தாருக்கும் பங்காளிகளுக்கும் இடையிலான பாகப்பிரிவினையைச் சமரசத்துக்கு ஏற்ற வகைகளுள் ஒன்றாகவே குறிப்பிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரலில் சமரச மையம் தொடங்கப்பட்டது. இவ்வழியில் முடியும் வழக்குக்குச் செலுத்திய நீதிமன்றக் கட்டணத்தை முழுமையாகத் திரும்பப் பெறத் தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு வகைசெய்கிறது.

சமரசர் தீர்ப்பு சொல்பவர் அல்லர். தரப்பினர் தாமே முடிவுக்கு வரத் துணைநிற்பவர். ஆகவே, வழக்குரையின் சொத்து அட்டவணையில் இடம்பெறாதவையும் அவர் முன் பேசுபொருளாகின்றன: எல்லாப் பாகங்களுக்கும் பொதுவான கிணறு, மூத்தவர் பெயரில் உள்ள மோட்டார் மின் இணைப்பு, யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்னும் முறை, பின்பாகத்துக்கு வண்டி செல்ல எத்தனை அடிப் பாதை, வயதான தாய் யார் வீட்டில் இருப்பார் என்பன. ஒருவர் பாகங்களை வகுக்க மற்றவர் முதலில் தேர்ந்துகொள்வதும், சமமான பாகங்களுக்குத் திருவுளச்சீட்டு எடுப்பதும், கூடுதல் மதிப்புள்ள பாகத்தைப் பெறுபவர் மற்றவருக்கு ரொக்கத்தால் ஈடுகட்டுவதும் ஊர் வழக்கம் முன்பே அறிந்த முறைகள். சமரசர் அவற்றைத் தயங்காமல் கையாளலாம்.

ஆயினும், சுமுகமாக முடிந்ததாகக் கருதப்படும் சமரசத்திலேயே ஓர் ஆபத்து உண்டு. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில், அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்கும், 2005 செப்டம்பர் 9 முதல் நாடெங்கும் எல்லா மகள்களுக்கும், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்குரிமை உண்டு. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இருந்தும், நகையும் சீரும் செய்தாகிவிட்டது என்ற வாதமும், தாய்வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்து, சகோதரிகளை விடுதலைப் பத்திரத்தில், அதாவது தம் பங்கை மற்ற பங்காளிகளுக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணத்தில், கையொப்பமிட வைப்பது இன்றும் நடக்கிறது. சகோதரர்களுக்கிடையிலான பிணக்குத் தீர்ந்த நிம்மதியில் அந்தக் கையொப்பத்தை ஆராயாமல் விடும் சமரசர், ஊர்ப் பஞ்சாயத்தின் பழைய குறையையே நீதிமன்ற வளாகத்துக்குள் கொண்டுவருகிறார்.

சமரசர் எத்தரப்புக்கும் சட்ட ஆலோசனை கூறக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் ஒருவர் தம் உரிமையை அறிந்தே பேசுகிறாரா என்று உறுதிசெய்துகொள்வது நடுநிலைக்கு மாறானதன்று. சகோதரியுடன் தனி அமர்வு நடத்துவதும், அங்கே சொல்லப்பட்டதை அவர் அனுமதியின்றி வெளியிடாதிருப்பதும், அவருக்கெனத் தனி வழக்கறிஞர் இல்லையெனில் இலவசச் சட்ட உதவிக்கு வழிகாட்டுவதும் நடைமுறையாக வேண்டும். மைனர் தரப்பினருக்காகச் செய்யப்படும் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதையும், வழக்குக்கு உட்படாத அசையாச் சொத்தைச் சமரசத் தீர்ப்பாணையில் சேர்த்தால் அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதையும் வரைவின்போதே கவனிக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு பத்தியையும் சமரச ஒப்பந்தத்தில் சேர்ப்பது நலம்: ஒவ்வொருவருக்கும் சட்டப்படி உரிய பங்கு, அதன் மதிப்பு, அவர் பெறுவது, விட்டுக்கொடுப்பது ஆகிய நான்கும் பெயருக்கு நேரே எழுதப்பட்டு, கையொப்பத்துக்கு முன் தமிழில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். அதைக் கேட்ட பிறகும் ஒரு சகோதரி விட்டுக்கொடுத்தால் அது அவருடைய கொடை. கேட்டபின் தயங்கினால் பேச்சு இன்னும் முடியவில்லை.