பெயரில் மட்டும் பறக்கும் பறவைகள்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அக்காள் மகனை அழைத்துக்கொண்டு கூந்தன்குளம் போயிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரிப் பக்கமாக ஒரு மணி நேரப் பயணம். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்ததைக் கண்டோம். பையனுக்குப் பன்னிரண்டு வயது. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மாமா, இங்க செல்போன் டவர் இருக்குல்லா? அப்போ இதெல்லாம் செத்துப் போயிராதா?"

எனக்கு முன்பாகத் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் பதில் சொன்னார். "டவரு அது பாட்டுக்கு நிக்கி தம்பி. கொளத்துல தண்ணி கெடந்தா பறவை வரும். தண்ணி இல்லைன்னா வெத்தலை பாக்கு வச்சு அழைச்சாலும் வராது."

அந்தக் கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது எளிது. 2018 நவம்பரில் வெளிவந்த ஷங்கரின் '2.0' படத்தை அவன் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்திருக்கிறான். அதில் அக்‌ஷய் குமார் ஏற்ற பட்சிராஜன் என்னும் பாத்திரம் ஒரு பறவையியலாளர். கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என்று முறையிட்டு, கேட்பார் இல்லாமல் கோபுரத்திலேயே தூக்கிட்டு இறந்து, கைப்பேசிகளால் ஆன ராட்சதப் பறவையாக அவர் திரும்பி வருகிறார். பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட ஒரு தமிழ்ப் படத்தின் நடுவே, வாழ்நாளெல்லாம் பறவைகளைக் கவனித்த ஒரு மனிதரை வைத்தது சிறிய விஷயமல்ல. அதற்காக அந்தப் படத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் படம் சொல்லும் காரணத்துக்கு ஆதாரம் இல்லை. 2020 பிப்ரவரியில் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, நாடெங்கும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை நோக்குநர்கள் அளித்த ஒரு கோடிப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் இருபத்தைந்து ஆண்டுகளில் அதன் நிலை ஏறத்தாழ மாறவில்லை என்கிறது அவ்வறிக்கை. நகரங்களில் அது குறைந்ததற்குக் குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சிகள் கிடைக்காததும் கூடு கட்ட இடம் இல்லாததும் காரணமாகலாம் என்று கருதப்படுகிறது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

கதைதானே, இதில் துல்லியம் எதற்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். குற்றவாளி மாறிவிடுகிறான் என்பதே என் கவலை. கோபுரத்தைக் குற்றவாளி ஆக்கிவிட்டால், படம் முடிந்ததும் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். குளத்தின் கதையைச் சொன்னால் அப்படிப் போக முடியாது. கூந்தன்குளத்துக்கு நீர் வருவது தாமிரபரணியின் துணையாறான மணிமுத்தாற்று அணையிலிருந்து. மேலே அணை திறக்க வேண்டும். இடையில் கால்வாய் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். கடைமடைக்கு நீர் வந்து சேர வேண்டும். கரையை யாரும் வளைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த ஆண்டு நாரை கூடு கட்டாது. இந்தக் கதையில் குற்றவாளிகளின் வரிசையில் நாமும் நிற்க நேரும்.

'2.0' படத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தமிழ்த் திரையுலகில் பறவைகளின் பெயர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கூண்டுக்கிளி, வண்ணக்கிளி, அன்னக்கிளி, சிட்டுக்குருவி, கழுகு, மைனா, குருவி என்று தலைப்புகளை அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் பறவை ஒரு பட்டப்பெயர் அல்லது உவமை. கதாநாயகியின் இன்னொரு பெயர், கதாநாயகனின் வேகம், அவ்வளவே.

குயிலை எடுத்துக்கொள்வோம். பாடும் பெண்ணையெல்லாம் குயில் என்கிறோம். பின்னணிப் பாடகி சித்ராவுக்குச் 'சின்னக்குயில்' என்பதே அடைமொழியாயிற்று. உண்மையில் 'குக்கூ' என்று கூவுவது ஆண் குயில். கரிய உடலும் சிவந்த கண்ணும் உடையது. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளோடு இருக்கும். அதற்குக் 'கிக் கிக்' என்னும் கரகரத்த குரலே உண்டு. பாரதியின் குயிலும் பெண்தானே என்று கேட்கலாம். ஆனால், தான் கண்டது கனவு என்று பாரதியே கடைசியில் சொல்லிவிடுகிறார். நம் திரைப்பாடல்கள் அந்தக் கனவிலிருந்து இன்னும் விழிக்கவில்லை.

மரபே இப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விடுமுன் அதன் காலையும் அலகையும் உற்றுப் பார்த்திருக்கிறார். பிளந்த பனங்கிழங்கோடு அலகை ஒப்பிட, பனங்கிழங்கையும் நாரையையும் நேரில் கண்டிருக்க வேண்டும். அந்தப் பறவை தெற்கே குமரிக்கு வந்து வடக்கே திரும்பும் என்னும் வலசைச் செய்தியும் அப்பாடலில் இருக்கிறது. உவமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்த்துவிட்டு உவமை சொல்லுங்கள் என்கிறேன்.

இந்தக் கவனக்குறைவு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் படங்களில் வெண்தலைக் கழுகு தோன்றும்போது கேட்கும் கம்பீரமான வீறிடல், செவ்வால் பருந்து என்னும் வேறொரு பறவையின் குரல். கழுகின் சொந்தக் குரல் மெலிதானது. அது அதன் தோற்றத்துக்குப் பொருந்தவில்லை என்று குரலையே மாற்றிவிட்டார்கள்.

நாரைகள் திரையில் இடம் பிடிக்காமல் போனதற்கும் குரலே காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. வளர்ந்த மஞ்சள்மூக்கு நாரைக்குக் குரல் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. கூட்டில் இணையைச் சந்திக்கும்போது அலகுகளைத் தட்டி ஒலி எழுப்பும், இரைச்சலெல்லாம் குஞ்சுகளுடையது. பாட்டையே மையமாகக் கொண்ட நம் சினிமாவில் பாடாத பறவைக்கு என்ன வேலை? இன்று கூந்தன்குளத்தைப் பற்றி இணையத்தில் நூற்றுக்கணக்கான காணொலிகள் கிடைக்கின்றன. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அந்த அலகொலியை அழித்துவிட்டு மேலே இசையை ஏற்றியவை. சிலர் ட்ரோனைக் கூடுகளுக்கு மேலேயே பறக்கவிடுகிறார்கள். தாய்ப்பறவை பதறி எழுந்தால் குஞ்சு வெயிலில் கிடக்கும். காகம் அதற்காகவே காத்திருக்கும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்ட ஊர் அது.

நம்மால் முடியாதது என்றும் இதைச் சொல்ல முடியாது. மணிகண்டனின் 'காக்கா முட்டை'யில் (2015) காகம் வெறும் காகமாகவே வருகிறது. மரம் வெட்டப்பட்டதும் கூடு போகிறது, முட்டை போகிறது, அந்த இடத்தில் பீட்சா கடை எழுகிறது. ஒரு சூழலியல் உண்மை அங்கே உபதேசமின்றிச் சொல்லப்பட்டுவிட்டது. நம் மண்ணை அறிந்த மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) படத்தில் கோழிக்குஞ்சைப் பருந்து தூக்கிச் செல்லும் காட்சி உண்டு. அதற்கு ஆழமான குறியீட்டுப் பொருளும் உண்டு. ஆனால் முதலில் அது எங்கள் ஊர் முற்றத்தில் நாங்கள் பார்த்த பருந்து. குறியீடு அதற்குப் பிறகுதான் வருகிறது. தில்லியில் அடிபட்டு விழும் பருந்துகளுக்கு மருத்துவம் பார்க்கும் சகோதரர்களைப் பற்றிய ஷௌனக் சென்னின் ஆவணப்படம் 'ஆல் தட் பிரீத்ஸ்' 2022இல் கான் விழாவில் பரிசு பெற்றது. அப்படியொரு படத்துக்கான களம் தாமிரபரணிக் கரையிலும் இருக்கிறது. 1994இல் சரணாலயமாகி 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற கூந்தன்குளம் இருக்கிறது. கோயிலை ஒட்டிய மரங்களில் பறவைகள் தங்குவதால் 2005இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட திருப்புடைமருதூர் இருக்கிறது. 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் குளம் குளமாகச் சென்று நீர்ப்பறவைகளை எண்ணும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்.

பார்த்து எழுதுவதற்கு முன்னோடிகளும் நமக்கு உண்டு. மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தலைப்பில் தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதிய அதே கை பறவைகளைப் பற்றியும் எழுதியது. சினிமாவும் பறவையும் ஒரே மனிதரின் கவனத்தில் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நம் திரைக்கதை ஆசிரியர்களும் பாடலாசிரியர்களும் அவ்விருவரையும் ஒருமுறை வாசித்தால் போதும் என்பது என் எண்ணம்.

திரும்புவதற்கு முன் பையன் என் கைப்பேசியை வாங்கி அந்த வேப்பமரத்தைப் படம் பிடித்தான். வழக்கம்போல் அதற்குப் பாட்டுச் சேர்க்கப் போகிறான் என்று நினைத்தேன். பேருந்தில் வரும்போது காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். அலகொலி மட்டும்தான் இருந்தது, நடுவில் பெரியவரின் இருமலோடு.

"பாட்டுப் போடலையாலே?" என்றேன்.

"வேண்டாம் மாமா. இதுவே கேக்கட்டும்" என்றான்.